சவரக்கத்திக்குக் கடைசிக் கல்: குறைந்த செலவில் எது உதவும்?

மடக்குச் சவரக்கத்தியில் முகம் மழிப்பவர்கள் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து அனுப்பிய கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் தருகிறோம். பெரும்பாலான கேள்விகள் தீட்டும்போது இறுதியாகப் பயன்படுத்தும் மெல்லிய கல்லைப் பற்றியவை. கத்தியைத் தள்ளித் திருப்பி இழுத்து முடிப்பதை இங்கே ஒரு சுற்று என்று கணக்கிடுகிறோம். 1000, 6000 போன்றவை கல்லின் தர எண்கள், எண் கூடக் கூடத் துகள் சிறியது.

கேள்வி (காரைதீவு): அப்பப்பாவின் சொலிங்கன் சவரக்கத்தி என் கைக்கு வந்திருக்கிறது. துருவில்லை, பல் விழவில்லை. கிங் 1000/6000 இரட்டைக் கல் வைத்திருக்கிறேன். 6000இல் தீட்டிய பிறகு கன்னம் நன்றாக மழிகிறது. மேலுதட்டிலும் தாடையிலும் இழுக்கிறது, பிறகு எரிகிறது. ஜப்பானின் 12000 கற்கள் எனக்குக் கட்டுப்படியாகாது. மலிவாக எந்தக் கடைசிக் கல்லை வாங்கலாம்?

பதில்: கல் வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் உங்களிடம் உள்ள 6000 தன் வேலையை முழுதாகச் செய்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசிக் கல் செய்யும் வேலை மிகச் சிறியது. முந்தைய கல் விட்ட கீறல்களை ஆழம் குறைத்து, கத்தியின் வாயை, அதாவது வெட்டும் ஓரத்தை, இன்னும் கொஞ்சம் மெல்லிதாக்கும், அவ்வளவுதான். இரண்டு பக்கச் சரிவுகளும் வாயில் சந்திக்காத கத்தியை எந்த விலையுள்ள கடைசிக் கல்லும் கூராக்காது. "நல்ல கல் வாங்கியும் பயனில்லை" என்று சொல்பவர்களின் கத்திகளில் பெரும்பாலும் 1000இலேயே வேலை முடியாமல் இருக்கும்.

சோதிப்பது எளிது. கறுப்பு மார்க்கர் பேனையால் இரண்டு பக்கச் சரிவிலும் குதியிலிருந்து (பிடிப்பக்க முனை) நுனிவரை மை பூசுங்கள். 1000 பக்கத்தில், முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படும்படி வைத்து, அழுத்தாமல் இரண்டு சுற்று ஓட்டுங்கள். மை முழுநீளமும் வாயின் கடைசி ஓரம்வரை போக வேண்டும். முதுகுப் பக்கம் மட்டும் போய், வாயோரம் கறுப்புக் கோடு நின்றால் சரிவு இன்னும் வாயை எட்டவில்லை. குதியிலோ நுனியிலோ மட்டும் மை நின்றால் அந்த இடம் கல்லைத் தொடவில்லை. பிறகு மேசை விளக்கின் கீழே வாயை நேராக உங்களை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைப் புள்ளியோ கோடோ மினுங்கினால் அங்கே மழுங்கல் இருக்கிறது. 1000 முடிந்த கத்தி கை மயிரைத் தோலோடு ஒட்டி, நீளம் முழுவதும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும். இதில் தேறாத கத்தியை 6000க்குக் கொண்டுபோகாதீர்கள்.

1000இலிருந்து நேரே 6000க்குத் தாவுவதும் கொஞ்சம் தூரமான தாவல்தான். ஜப்பானியத் தர அளவீட்டில் 1000 என்பது ஏறக்குறைய 11.5 மைக்ரோன் துகள் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 3000 என்பது 4, 6000 என்பது 2, 8000 என்பது 1.2. 11.5 மைக்ரோன் விட்ட கீறலை 2 மைக்ரோன் அழிக்க நேரம் பிடிக்கும். இடையில் 3000 கல் இல்லையென்றால் 6000இல் முதல் 40 சுற்றை வாயில் லேசான அழுத்தத்தோடும், அடுத்த 40ஐக் கத்தியின் எடையோடு மட்டும் ஓட்டுங்கள். சமையலறை மின்தராசில் கல்லை வைத்து எண்ணைப் பூச்சியமாக்கிவிட்டு அதன்மேல் தீட்டினால் கை எவ்வளவு அழுத்துகிறது என்று தெரியும். கடைசிச் சுற்றுகளில் 50 முதல் 100 கிராமுக்குள் நிற்க வேண்டும். இழுவைக்கும் எரிச்சலுக்கும் கல்லைவிட அழுத்தமே அதிகம் காரணம்.

இதையெல்லாம் செய்த பிறகும் மேலுதட்டில் இழுத்தால் இப்போது பணம் செலவழிக்கலாம். செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறோம். முதலாவது, தட்டையான பலகையில் ஒட்டிய டெனிம் துணியில் குரோமியம் ஒட்சைட்டு என்ற பச்சை மெருகுத் தூள். அடுத்தது, கண்ணாடியில் ஒட்டும் மெருகுத் தாள், அதாவது நுண்துகள் பூசிய பிளாஸ்ரிக் படலம் (விவரம் கீழே). அதற்குப் பிறகு சீனாவின் குவாங்சிக் கல். நான்காவதாக 8000 செயற்கைக் கல்லொன்றும், அதில் தீட்டிய பிறகு டெனிமில் பச்சைப் பசையும். உங்கள் கத்திக்கு எங்கள் பரிந்துரை மெருகுத் தாள். ஒரு தாளின் விலை சிறியது, துகள் அளவு நம்பத்தக்கது, பிடிக்காவிட்டால் நட்டமும் சிறியது. வருடக்கணக்கில் ஒரே கல்லை வைத்திருக்க விரும்பினால் குவாங்சிக் கல்லை எடுங்கள், ஆனால் அது கேட்கும் பொறுமையைக் கீழே படித்துவிட்டு எடுங்கள்.

பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கும் கொட்டிகூல் என்ற மஞ்சட் கல்லைப் பலர் பரிந்துரைப்பார்கள். நுண்ணிய கார்னட் மணிகள் நிறைந்த இந்தக் கல் மென்மையான வாய் தரும், மற்ற இயற்கைக் கற்களைவிட வேகமாகவும் வெட்டும். ஒழுங்கற்ற வடிவில் விற்கும் சிறு துண்டுகள் சதுரக் கற்களைவிட மலிவு. ஆனால் கல்லை உரசி எடுக்கும் சேற்றைப் படிப்படியாகத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யும் பழக்கம் கைக்கு வரவேண்டும். தீட்டத் தொடங்குகிறவருக்கு இது முதற் கல் அல்ல.

கேள்வி (வாழைச்சேனை): இணையத்தில் 12000 என்று எழுதியிருந்த கரும்பச்சைச் சீனக் கல் வாங்கினேன். 30 தடவை தீட்டினேன், எந்த மாற்றமும் இல்லை. முன்பு இருந்த கூரும் போனதுபோல இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாறவில்லை. மேலே குவாங்சிக் கல் என்று சொன்னது இந்த வகைதான். அந்தக் கல்லுக்கு 30 சுற்று தொடக்கம் மட்டுமே. கூர் குறைந்ததற்குக் காரணம் வேறு, அதைப் பிறகு சொல்கிறோம்.

12000 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். செயற்கைக் கல்லில் துகளைச் சலித்து அளந்து சேர்ப்பதால் எண் பொருள்படும். இது நிலத்திலிருந்து வெட்டியெடுத்த கல். ஒரு கட்டி நன்றாக இருக்கும், இன்னொன்று சுமாராக இருக்கும், விற்பவர் இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போடுவார். இறுக்கமான, தண்ணீர் குடிக்காத, மிக மெதுவாக வெட்டும் கல் என்பது மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. மெதுவாக வெட்டுவதால்தான் இது கடைசிக் கல்லாகப் பயன்படுகிறது. அதே காரணத்தால் முந்தைய கல்லின் குறையை இதில் திருத்தப் பார்ப்பது வீண்.

விற்பனைக்கு வரும் கல் பெரும்பாலும் தட்டையாக இருக்காது, மேலே அறுவை வாளின் கீறலும் இருக்கும். உங்கள் கூர் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மட்டம் பார்க்காத வயலில் தண்ணீர் ஒரு மூலையில் தேங்குவதுபோல, மேடுபள்ளமான கல்லில் கத்தியின் ஒரு பகுதி மட்டும் தேய்ந்துகொண்டே போகும், மறு பகுதி கல்லைத் தொடவே தொடாது.

மட்டப்படுத்த 8 அல்லது 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடித் துண்டு வேண்டும். கண்ணாடிக் கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டு போதும். கல்லைவிட நீளமாக இருக்கட்டும், ஓரத்தை மழுக்கித் தரச் சொல்லுங்கள். அதன்மேல் தண்ணீர் தெளித்து 220 எண் நீர்ச்சாணைத் தாளை ஒட்ட வையுங்கள். கல்லின் முகத்தில் பென்சிலால் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, தாளில் எட்டு வடிவில் தேய்த்து, அடிக்கடி கழுவிப் பாருங்கள். கோடு நின்ற இடம் பள்ளம். எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் அழியும்வரை மீண்டும் கோடு போட்டுத் தேய்க்க வேண்டும். இந்தக் கல் மிக இறுக்கம், தாள் சீக்கிரம் மழுங்கும். அழுத்துவதைக் கூட்டாதீர்கள், தாளை மாற்றுங்கள். பிறகு 400, 800, 1500, 2000 என்று ஏறுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் இடையில் கல்லையும் கண்ணாடியையும் கையையும் கழுவ வேண்டும். ஒரு 220 மணி ஒட்டிக்கொண்டிருந்தால் 2000இல் செய்த வேலை கெடும். கடைசியாக நான்கு விளிம்புகளையும் 45 பாகையில் சாய்த்து ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மழுக்குங்கள். கூரான கல் விளிம்பில் கத்தி ஒருமுறை தட்டினால் பல் விழும்.

சில கற்களில் வெள்ளை அல்லது துரு நிறக் கோடுகள் ஓடும். மட்டப்படுத்திய பிறகு அதன் குறுக்கே நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் தடக்கினால் அந்தப் பக்கத்தை விட்டுக் கல்லைத் திருப்பி மறுபக்கத்தை மட்டப்படுத்துங்கள்.

இனித் தீட்டும் முறை. முன்னதாக 8000 வரை, குறைந்தது 6000 வரை கத்தி ஒழுங்காக வந்திருக்க வேண்டும். கல்லில் சில துளி தண்ணீர் விட்டு, அதே வகைக் கல்லின் சிறு துண்டால் உரசிப் பால்போன்ற மெல்லிய சேறு எடுங்கள். துண்டு இல்லாவிட்டால் தேய்ந்த 1000 வைரத் தகடும் உதவும். சேற்றில் 40 சுற்று ஓட்டி, ஒவ்வொரு 10 சுற்றுக்கும் இரண்டு துளி தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யுங்கள். பிறகு கல்லையும் கத்தியையும் நன்றாகக் கழுவிவிட்டு, வெறும் தண்ணீரில் 100 முதல் 150 சுற்று, கத்தியின் எடையோடு மட்டும். சேறு வேகமாக வெட்டும், ஆனால் மிதக்கும் துகள்கள் வாயின் நுனியில் மோதி அதைக் கொஞ்சம் மழுக்கும். அதனால் சேற்றோடு முடிக்கக் கூடாது. கடைசி 20 சுற்றுக்குத் தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சவர்க்காரம் சேர்த்தால் கத்தி இன்னும் மெதுவாக வழுக்கும். இந்தக் கல் எண்ணெய் குடிக்காது என்பதால் தையல் மெசின் எண்ணெயிலும் முடிக்கலாம். கிங் போன்ற தண்ணீர் குடிக்கும் கல்லில் எண்ணெய் விடவே கூடாது. உள்ளே இறங்கிய எண்ணெயை எடுப்பது கடினம், அதன் பிறகு அந்தக் கல் தண்ணீரில் ஒழுங்காக வேலை செய்யாது.

திருப்பும்போது முதுகைக் கல்லிலிருந்து எடுக்காமல் முதுகின்மேல் புரட்டுங்கள். வாய்மேல் புரட்டினால் செய்த வேலை அத்தனையும் அந்த ஒரு நொடியில் போய்விடும். கல் 2 அங்குல அகலமென்றால் கத்தியின் 3 அங்குல வாய் முழுதாகப் படாது. குதி கல்லில் இருக்கத் தொடங்கி, முன்னே தள்ளிக்கொண்டே பக்கவாட்டில் இழுத்து, நுனி கல்லில் இருக்க முடியுங்கள்.

கேள்வி (கொக்கட்டிச்சோலை): குடும்பிமலைப் பக்கத்திலும் எங்கள் வயற்கரைகளிலும் எவ்வளவோ கல் கிடக்கிறது. அதில் ஒன்றை மட்டப்படுத்திப் பயன்படுத்த முடியாதா?

பதில்: சவரக்கத்திக்கு முடியாது. இலங்கையின் கிழக்குப் பகுதி புவியியலாளர்கள் விஜயன் தொகுதி என்று சொல்லும் உருமாறிய பாறைகளால் ஆனது. அவற்றில் பெரும்பாலானவை நைஸ் வகை. படிகக்கல், களிக்கல், அப்பிரகம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அளவு மணிகளாகக் கலந்திருக்கும். ஒவ்வொன்றின் கடினமும் வேறு என்பதால் எவ்வளவு தேய்த்தாலும் முகம் ஒரே தன்மைக்கு வராது. கடைசிக் கல்லில் மணி மைக்ரோன் அளவில் இருக்க வேண்டும், அதுவும் முழுக்க ஒன்றுபோல இருக்க வேண்டும். ஜேர்மனியின் துரிங்கியா, வேல்ஸ் போன்ற இடங்களின் மெல்லிய பலகைக் கற்களும், அமெரிக்காவின் ஆர்கன்சாவில் கிடைக்கும் நுண்படிகக் கல்லும் அதனால்தான் பெயர் பெற்றன. நம் கல் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நல்லது. தாக்கத்திக்கும் மண்வெட்டிக்கும்கூடப் போதும்.

கேள்வி (களுவாஞ்சிகுடி): ஹாட்வெயார் கடையில் 2000 எண் நீர்ச்சாணைத் தாள் கிடைக்கிறது. 1000 கல்லைவிட அது மெல்லியதுதானே? அதில் முடித்தால் என்ன?

பதில்: இரண்டு எண்களும் வேறு வேறு அளவீட்டில் எழுதியவை. தாளின் பின்பக்கத்தில் எண்ணுக்கு முன்னால் பி என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது ஐரோப்பிய அளவீடு. அதில் 2000 என்பது 10.3 மைக்ரோன். ஜப்பானியக் கல்லின் 1000 என்பது 11.5 மைக்ரோன். ஆக உங்கள் 2000 தாளும் 1000 கல்லும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. அதில் முடித்த கத்தியால் முகத்தைத் தொடாதீர்கள். ஆனால் 1000 கல் இல்லாதவர் கண்ணாடியில் 2000 தாளை ஒட்டி முதற் சரிவை எடுக்கலாம், செலவு குறைந்த நல்ல வழி அது.

முடிப்பதற்குத் தாளே வேண்டுமென்றால் மெருகுத் தாள் வாங்குங்கள். பிளாஸ்ரிக் படலத்தில் அலுமினியம் ஒட்சைட்டுத் துகளை ஒரே அளவில் பூசியது. கண்ணாடியிழைத் தொலைத்தொடர்புக் கம்பிகளின் முனையை மெருகூட்ட இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆகவே அந்த வேலை செய்பவர்களிடம் கேட்டால் வாங்கும் இடம் தெரியவரும். 3, 1, 0.3 மைக்ரோன் என்று மூன்று தாள் போதும்.

கண்ணாடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரலால் தடவி மண் இல்லை என்று உறுதி செய்யுங்கள். நம் கிணற்றடிகளில் காற்றோடு வரும் ஒரு மணல் தாளின் கீழே போனாலே மேலே சிறு புடைப்பு எழும், கத்தி அதில் ஏறி வாய் உடையும். கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, பூச்சு மேலே தெரியத் தாளை விரித்து, இறப்பர் துண்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக் குமிழியை வெளியேற்றுங்கள். மேலேயும் தண்ணீர் விட்டு, 3 மைக்ரோனில் 30 சுற்று, 1 மைக்ரோனில் 25, 0.3இல் 10 முதல் 15. வாய் முன்னால் போகத் தள்ளும்போது கொஞ்சம் அழுத்தினாலும் தாள் கிழியும். 0.3 எல்லோருக்கும் ஒத்துவராது. அந்த வாய் மிகக் கூர், மென்தோல் உள்ளவர்களுக்கு எரியும். 1 மைக்ரோனில் நிறுத்தித் தோல்வாரில் இழுத்து ஒருமுறை சவரம் செய்து பாருங்கள், பிறகு 0.3 வேண்டுமா என்று முடிவெடுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): மோட்டார் மெருகு வேலைக்கு விற்கும் பச்சைக் கட்டியைத் தோல்வாரில் பூசினால் கல்லே தேவையில்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. குரோமியம் ஒட்சைட்டு 6000 அல்லது 8000இல் ஒழுங்காக வந்த கத்தியை நல்ல சவரத்துக்குக் கொண்டுவரும். ஆனால் கடைப் பச்சைக் கட்டிகள் பலவற்றில் அலுமினியம் ஒட்சைட்டும் மெழுகும் கலந்திருக்கும், அந்தத் துகள் பெரிது. 0.5 மைக்ரோன் என்று அளவு எழுதிய தூளோ பசையோ வாங்குங்கள்.

தொங்கும் தோல்வாரில் பூச வேண்டாம். வார் வளையும், வாய் உருண்டு போகும். பச்சைத் தூள் ஏறிய வாரைத் திரும்பச் சுத்தத் தோலாக்கவும் முடியாது. 30 சென்ரிமீற்றர் நீளமும் 7 அகலமும் உள்ள நேரான பலகையில் டெனிம் துணியை இழுத்து ஒட்டி, அதில் தூளை விரல் நுனியால் மெல்லிய பச்சைச் சாயல் வரும் அளவுக்கு மட்டும் தேயுங்கள். தடித்த பச்சைப் படை தெரிந்தால் அதிகம், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். கத்தியின் முதுகு முன்னால் போக 10 முதல் 15 சுற்று. பிறகு கத்தியைத் துடைத்துச் சுத்தமான தோல்வாரில் 50 சுற்று. சவரம் இழுக்கத் தொடங்கும்போது மறுபடி 10 சுற்று. இப்படிச் சில மாதம் ஓடும். பச்சை பூசியும் கூர் திரும்பாத நாள் வந்தால் வாய் உருண்டுவிட்டது என்று அர்த்தம், 6000 அல்லது 8000 கல்லுக்குத் திரும்ப வேண்டும்.

கேள்வி (ஏறாவூர்): பழைய சலூன் சாமான்களில் உள்ளங்கை அளவான, எண்ணெய்ப் பிசுக்கேறிய கல் ஒன்று கிடைத்தது. ஒரு பக்கத்தில் ஸ்வாட்டி என்று எழுதியிருக்கிறது. பயன்படுமா?

பதில்: நல்ல பொருள் கிடைத்திருக்கிறது. இன்று ஸ்லோவேனியாவில் உள்ள மாரிபோர் நகரில் செய்த செயற்கைச் சவரக்கல் அது. சலூன்காரர்கள் ஒரு சவரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கூரைத் திருப்ப வைத்திருந்த வகை. வெந்நீரில் சவர்க்காரத் தூள் கரைத்து ஓரிரவு ஊறவிட்டு, மென்மையான பிரசால் தேய்த்துக் கழுவுங்கள். முகத்தில் மெல்லிய வெடிப்பு உண்டா என்று பாருங்கள். வெடிப்போ ஆழமான குழியோ இருந்தால் கைவிடுங்கள். மட்டம் சரியாக இருந்தால் சாணைத் தாளில் பெரிதாகத் தேய்க்க வேண்டாம், காலங்காலமாகப் பளபளப்பேறிய முகம்தான் மென்மையான வாய் தரும். தேய்க்க வேண்டி வந்தால் 1000க்குக் கீழான தாளைத் தொடாதீர்கள், 2000இல் முடியுங்கள்.

சவர நுரையைக் கல்லில் பூசி, அதன்மேல் 3 முதல் 6 சுற்று. இதற்குமேல் போகாதீர்கள். இந்தக் கல் அதன் அளவுக்கு வேகமாக வெட்டும், சுற்று கூடினால் வாயில் கம்பிபோன்ற மெல்லிய பிசிர் எழும். அன்று அபாரமான கூர்போலத் தெரியும், பாதிச் சவரத்தில் மடிந்து உடைந்து முகத்தைக் கீறும். பிசிர் எழுந்துவிட்டால் வாயை 8000 கல்லில் செங்குத்தாக, பட்டும் படாமல் ஒரேயொரு முறை இழுத்துப் பிசிரை அகற்றி, அதே கல்லில் மெதுவாக 30 சுற்று மீண்டும் தீட்டுங்கள்.

கேள்வி (சம்மாந்துறை): முதுகில் டேப் ஒட்டித் தீட்டச் சொல்கிறார்கள். வேண்டுமா?

பதில்: முதுகில் பொன் வேலைப்பாடு அல்லது பொறிப்பு இருந்தால் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் தேவையில்லை. சவரக்கத்தியில் முதுகின் தடிப்பும் அலகின் அகலமும்தான் கோணத்தைத் தீர்மானிக்கின்றன, பொதுவாக 16 முதல் 18 பாகை வரும். வயறிங் வேலைக்கு உதவும் டேப் ஒரு படை கோணத்தை ஒரு பாகை அளவு கூட்டும். ஆகவே 1000இல் டேப்போடு தொடங்கியவர் கடைசிக் கல்வரை டேப்போடுதான் போக வேண்டும். நடுவில் கழற்றினால் கடைசிக் கல் வாயைத் தொடாது, சரிவின் பின்பக்கத்தை மட்டும் மெருகூட்டிக்கொண்டிருக்கும். டேப் தேய்ந்து பளபளத்ததும் மாற்றுங்கள்.

கேள்வி (கல்முனை): சலூனில் வாடிக்கையாளருக்கு இந்தக் கத்தியைப் பயன்படுத்தலாமா? தீட்டிய பிறகு வெந்நீரில் கழுவினால் போதாதா?

பதில்: பயன்படுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியிலும் ஹெப்படைடிஸ் பி பரவும். உடலுக்கு வெளியே உலர்ந்த இரத்தத்திலும் அந்தக் கிருமி 7 நாளாவது உயிரோடு இருக்கும். வெந்நீரில் கழுவுவது அதைக் கொல்லாது. கல்லிலும் தோல்வாரிலும் படிவதைக் கழுவி எடுக்கவே முடியாது. வாடிக்கையாளருக்கு ஒவ்வொரு முறையும் புது பிளேட் மாற்றும் கத்தியே சரி. தீட்டும் கத்தி ஒருவருக்கு ஒன்று, வீட்டில் தம்பிக்கோ மகனுக்கோ கொடுப்பதும் கூடாது.

கேள்வி (கல்லடி): எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில். கத்தியைத் தீட்டி வைத்தால் இரண்டு வாரத்தில் வாயோரம் கறுப்புப் புள்ளி விழுகிறது. தேங்காயெண்ணெய் பூசியும் நிற்கவில்லை.

பதில்: கடைசிக் கல்லில் முடித்த வாய் ஒரு மைக்ரோனுக்கும் கீழான தடிப்பு. மற்ற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துரு அங்கே முழு வாயையும் தின்றுவிடும். உப்புக்காற்றோடு இன்னொன்றையும் பாருங்கள். வாவிக்கரைக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர்ப்பு. அதில் தீட்டினால் கல்லுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் காய்ந்ததும் உப்பு வாயில் நிற்கும், அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். தீட்டி முடித்ததும் போத்தல் தண்ணீர் அல்லது பைப் தண்ணீரால் கத்தியைக் கழுவுங்கள். மெல்லிய தாளால் முதுகிலிருந்து வாய்ப்பக்கம் ஒற்றித் துடையுங்கள். பிடியின் ஆணியடியிலும் இரண்டு பலகைக்கு நடுவிலும் தண்ணீர் நிற்கும், அங்கே தாளை மடித்து விட்டு எடுத்து, கத்தியைத் திறந்தபடி ஒரு மணி நேரம் காற்றாட வையுங்கள். பிறகு தோல்வாரில் 10 சுற்று, அது வாயின் ஓரத்து ஈரத்தையும் எடுக்கும்.

தேங்காயெண்ணெயை விடுங்கள். நாட்படப் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். தையல் மெசின் எண்ணெய் ஒரு துளியை விரலில் எடுத்து அலகு முழுவதும் படலமாகத் தடவுங்கள், சவரத்துக்கு முன் துடைத்துவிட்டால் போதும். குளியலறையில் வைக்கக் கூடாது. தோலுறையும் வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மருந்துப் போத்தலோடும் சப்பாத்துப் பெட்டியோடும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். ஒக்டோபர் கடைசியில் மாரி தொடங்கியதும் பொட்டலங்களை மாற்றுங்கள். பழைய கத்தியின் பிடி செலுலோயிட்டாக இருந்தால் மட்டும் டப்பாவில் அடைக்காதீர்கள். வெப்பத்தில் அது சிதைந்து அமில ஆவி விடும், தன் அலகையும் பக்கத்தில் உள்ள மற்றக் கத்திகளையும் சேர்த்தே துருவேற்றும். அப்படிப்பட்டதைத் தனியாக, காற்றோட்டமான இழுப்பறையில் வையுங்கள்.

விழுந்த புள்ளிகளுக்கு: 6000 கல்லில் மெதுவாக 30 சுற்று ஓட்டி, 30 மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியில் வாயைப் பாருங்கள். புள்ளி வாயைத் தொடாமல் சரிவின் மேலே நின்றால் விட்டுவிடலாம், சவரத்துக்கு இடையூறில்லை. வாயில் குழி தெரிந்தால் 1000க்குப் போய், குழி மறையும்வரை தேய்த்து, மீண்டும் ஒவ்வொரு கல்லாக ஏறி வாருங்கள்.

கேள்வி (திருக்கோவில்): நனிவாவின் 12000 கல் ஒன்றை வெளிநாட்டிலிருந்து அண்ணா அனுப்பினார். தண்ணீரில் ஊறவிட்டு வெயிலில் காயவைத்தேன், முகத்தில் மெல்லிய வெடிப்பு வந்துவிட்டது. இனி உதவாதா?

பதில்: அது பிசினால் கட்டிய கல். கிங் 1000போல ஊறவிடக் கூடாது, மேலே தண்ணீர் தெளித்தாலே போதும். ஊறிப் பருத்த பிசின் வெயிலில் வேகமாகச் சுருங்கியதால் வெடித்திருக்கிறது. வெடிப்பு நகத்தில் தடக்காவிட்டால் பயன்படுத்தலாம். தடக்கினால் 400 தாளில் தேய்த்து அந்தப் படையை அகற்றி, 1000 தாளில் மென்மையாக்குங்கள். வெடிப்பு அடிவரை இறங்கியிருந்தால் கல் பிளக்காமல் இருக்கத் தட்டையான கண்ணாடியிலோ ஓட்டுத்துண்டிலோ எபொக்சிப் பசையால் ஒட்டிவிடுங்கள். இனிமேல் தீட்டியதும் துணியால் துடைத்து, நிழலில், விளிம்பில் நிற்க வைத்து, எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் காயவிடுங்கள். சமையலறை அடுப்புப் பக்கமும் மின்விசிறியின் நேர்க்கீழும் வேண்டாம்.